ஊர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம்

சென்ற ஆண்டு கோடையில், நமது வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. ரொக்கப் புத்தகமும் இருப்புப் புத்தகமும் பார்த்து முடிந்த பின்னர், வெளியூர்க் கண்காட்சி ஒன்றிற்காக அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைக் காரியதரிசி நம் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள், அழகான படங்கள், சுங்குடிச் சேலையைப் பற்றி ஒரு பத்தி. அப்பத்தியில்தான் வினை இருந்தது. துணியில் சிறு சிறு முடிச்சுகளிட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை எழுப்புவது ஒரு முறை. மெழுகை அச்சால் ஒற்றிச் சாயம் ஏறாதபடி தடுத்துக் கோலத்தை எழுப்புவது வேறொரு முறை. இரண்டும் ஒன்றே என்பது போல எழுதப்பட்டிருந்தது. கண்காட்சிக்கு வந்த அம்மையார் ஒருவர் அப்பிரசுரத்தையே கையில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றென்று நீங்கள்தாமே எழுதியிருக்கிறீர்கள், விலையில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு என்று வாதிட்டாராம். முடிச்சுக் கட்டுவதில் பெண்மக்கள் செலவிடும் நாட்களை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குச் சென்றுவிட்டார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த அங்கத்தினர் ஒருவர் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும், “இதை எழுதினது யாருங்க சார்? எந்தப் பட்டறையில பார்த்து எழுதினாராம்?” என்றார். காரியதரிசிக்கு விடை தெரியவில்லை. அச்சகத்துப் பையன் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டோம். அதுவும் தெரியவில்லை.

எழுதியவர் யார், ஆதாரம் யாது என்னும் இவ்விரு கேள்விகளையே நாமும் முப்பது நாளும் ஊர் ஊராகச் சென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆதலின் அப்பெரியவரின் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அதன் பின்னர் நாம் சென்ற சங்கங்களில், இளைஞர்களிடம் ஒரு செய்தியை எங்கே தேடுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினோம். பெரும்பாலோர் சொன்ன பெயர் விக்கிப்பீடியா. அதனை நம்பலாமா என்று நம்மையே திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நம்பலாம், நம்பக்கூடாது என்று ஒரு சொல்லில் விடை கூறுவது, ஏட்டைத் திறவாமலே தணிக்கைச் சான்று எழுதுவதை ஒக்கும். ஏட்டைத் திறந்தே பார்ப்போம்.

விக்கிப்பீடியா என்பது எவரும் படிக்கவும் எவரும் திருத்தவும் கூடிய இணையக் கலைக்களஞ்சியம். அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் இதனை ஆங்கிலத்தில் தொடங்கினர். அதற்கு முன்னர் அவர்களே நியூபீடியா என்ற பெயரில், அறிஞர்கள் எழுதி அறிஞர்கள் சரிபார்க்கும் களஞ்சியம் ஒன்றை நடத்திப் பார்த்தனர். பல படிகளைத் தாண்டிக் கட்டுரைகள் வெளிவரத் தாமதமாயிற்று. பொதுமக்களே எழுதட்டும் என்று கதவைத் திறந்தவுடன் வெள்ளம் போல் வளர்ந்தது. ஆங்கிலக் கட்டுரைகளின் எண்ணிக்கை 2025ஆம் ஆண்டில் எழுபது இலட்சத்தை எட்டியது. இதனை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இலாப நோக்கற்றது, விளம்பரம் போடுவதில்லை, படிப்போர் தரும் நன்கொடையால் நடைபெறுகிறது. எழுதுபவருக்குக் கூலி இல்லை. பங்குத்தொகையும் இல்லை, பங்கு ஈவும் இல்லை. ஆயினும் உழைப்பைத் திரட்டிப் பொதுச்சொத்து ஆக்கும் வகையில் இதனை நமது இயக்கத்தின் தூரத்து உறவினர் என்று சொல்லலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதனைத் தொடக்க நாட்களில் ஏறத்தாழத் தனியொருவராகத் தோளில் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். அப்போது அவர் வளைகுடா நாட்டில் பணியாற்றி வந்தார். அலுவல் முடிந்து வீடு திரும்பிய பின்னர் இரவில் அமர்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதினை அவருக்கு வழங்கியது. 2017 மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்.

கலைக்களஞ்சியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் மூத்தோருக்கு நினைவு வருவது வேறொன்று. தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் அமைந்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் அது. அதற்கும் முன்னர், 1910ஆம் ஆண்டில், ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்த அபிதான சிந்தாமணி வெளிவந்தது. இவற்றின் பெருமை பெரிது. கட்டுரையின் அடியில் புலவர் பெயர் நிற்கும். அவர் பெயரே உத்தரவாதம். ஆனால், அச்சான புத்தகத்தில் ஒரு பிழை புகுந்துவிட்டால் அடுத்த பதிப்பு வரும் வரை அங்கேயே இருக்கும். அடுத்த பதிப்பு வராவிட்டால் என்றென்றும் இருக்கும். உலகமும் காத்திருப்பதில்லை. 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. பழைய தொகுதிகளில் நமது மாவட்டத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இனி, புதிய களஞ்சியத்தின் கணக்குமுறையைக் காண்போம். நமது சங்கங்களில் ஒரு விதி உண்டு. ஏட்டில் தவறாக எழுதிவிட்டால் அதைச் சுரண்டக் கூடாது. மேலே மை தடவி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, சுருக்கொப்பம் இடவேண்டும். அடித்தது என்ன என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. விக்கிப்பீடியாவில் இவ்விதி நம்மிடம் இருப்பதைவிடக் கடுமையாகச் செயற்படுகிறது என்பதைக் கண்டு நாம் சற்று வெட்கமும் அடைந்தோம். ஒவ்வொரு கட்டுரையின் மேற்புறத்திலும் ‘வரலாறு’ என்றொரு பகுதி இருக்கிறது. அதைத் தட்டினால், அக்கட்டுரையில் முதல் எழுத்து விழுந்த நாளிலிருந்து இன்றுவரை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். ஒருவர் நல்ல பத்தியை அழித்துவிட்டால் இன்னொருவர் ஒரு நொடியில் பழையதை மீட்டு வைக்கலாம். பக்கத்திலேயே ‘உரையாடல்’ என்றொரு பகுதி; கருத்து வேறுபாடுகளை அங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான விவாதங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியர் ஒரு தனிப்பக்கம் வைத்து அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அடிக்கடி கைவைக்கப்படும் பக்கங்களைப் பூட்டிவிடுவதும் உண்டு. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களாகிய நாம் இதனைக் கேட்டு மகிழ்வோமாக!

ஆகவே, அந்தப் பெரியவரின் முதற் கேள்விக்கு இங்கே ஒருவாறு விடை உண்டு. எழுதியவரின் உண்மைப் பெயர் தெரியாமற் போகலாம். புனைபெயரில் எழுதுவோர் பலர். ஆயினும் அவர் வேறு எவ்வெவற்றை எழுதியிருக்கிறார், அவற்றுள் எத்தனை தள்ளப்பட்டன என்பதைப் பார்க்க முடியும். இணையத்தில் பெயரின்றித் திரியும் மற்றப் பத்திகளுக்கு இந்த வசதி இல்லை.

இரண்டாவது கேள்வி ஆதாரம் பற்றியது. கட்டுரையில் கூறப்படும் செய்திக்கு வெளியில் அச்சான நூல், அரசு ஆவணம், நாளிதழ் போன்ற சான்று காட்டவேண்டும் என்பது அங்குள்ள விதி. இதனை ‘மெய்யறிதன்மை’ என்கின்றனர். எண்ணிட்ட அடிக்குறிப்புகளாகக் கட்டுரையின் கீழே இருப்பவை இச்சான்றுகளே. நமது மொழியில் சொன்னால், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு இல்லாத பத்தியின் தலையில் ‘சான்று தேவை’ என்று எவரும் குறிக்கலாம். அதுதான் அங்குள்ள தணிக்கை ஆட்சேபணை.

பற்றுச்சீட்டுக்கு எண் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘பிச்சோலிம் போர்’ என்றொரு கட்டுரை தோன்றிற்று. கோவாவை ஆண்ட போர்ச்சுகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் 1640-41இல் போர் நிகழ்ந்ததாகவும், உடன்படிக்கையில் முடிந்ததாகவும் விரிவாக எழுதப்பட்டிருந்தது. அடிக்குறிப்புகள் நிறைய. அதே ஆண்டில் ‘நல்ல கட்டுரை’ என்னும் தகுதியும் அதற்குக் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே கொலுவிருந்தது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் அடிக்குறிப்புகளில் சொல்லப்பட்ட புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். முக்கியமான புத்தகங்கள் உலகில் எங்குமே இல்லை. போரும் நிகழவில்லை. சிவாஜி முடிசூடியது 1674ஆம் ஆண்டில் என்பதை நினைத்திருந்தால்கூட, 1640இல் மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எழுந்திருக்க வேண்டும். கட்டுரைக்குத் தகுதி கொடுத்தவர்கள் பற்றுச்சீட்டின் எண்ணைப் பார்த்தார்கள்; சீட்டைப் பார்க்கவில்லை. இத்தகைய கணக்குகளை நாம் சில சங்கங்களிலும் கண்டிருக்கிறோம். மேற்கொண்டு சொல்ல வேண்டா.

இதை மட்டும் கேட்டுவிட்டுக் களஞ்சியத்தையே தள்ளிவிடலாகாது. 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் ஒரு சோதனை செய்தது. அறிவியற் கட்டுரைகள் 42ஐ விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் எடுத்து, எது எதனுடையது என்று சொல்லாமல் அந்தந்தத் துறை வல்லுநரிடம் கொடுத்தது. கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. பெரும்பிழைகள் இரண்டிலும் சமமாக நான்கு. பிரிட்டானிக்கா நிறுவனத்தார் இச்சோதனையின் முறையையே கடுமையாக மறுத்துரைத்தனர். எப்படியாயினும், நூற்றாண்டுப் பழமையுள்ள அச்சுக் களஞ்சியத்திலும் பிழை உண்டு என்பதும், பலர் எழுதியது அதற்கு வெகுதூரம் பின்தங்கிவிடவில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டன.

ஆனால் அது ஆங்கிலக் கணக்கு. அங்கே ஒரு பக்கத்தை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. தமிழில் மாதந்தோறும் தொடர்ந்து எழுதித் திருத்துபவர் சில நூறு பேரே. ஒன்றரை இலட்சம் பக்கங்களைச் சில நூறு பேர் காவல் காப்பது எவ்வாறு? வசைச்சொல் ஒன்றை எவரேனும் எழுதினால் சில நிமிடங்களில் யாராவது கண்டு நீக்கிவிடுவார்கள். அது கண்ணை உறுத்தும். ஓர் எண்ணை மாற்றினால் உறுத்தாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நமது மாவட்டத்தின் மக்கள்தொகை 21,59,775. இதில் இரண்டாம் இலக்கத்தை மட்டும் ஒருவர் மாற்றி எழுதினால், கணக்கெடுப்பு நூலை எடுத்து ஒப்பிடாதவருக்கு அது பிழையென்று தெரிய வழியில்லை. பிழை தங்குவது அநேகமாக ஆள் வராத மூலைகளில்தான். நமது ஊர், நமது பயிர், நமது தறி பற்றிய பக்கங்கள் எல்லாம் அத்தகைய மூலைகளிலேயே இருக்கின்றன.

ஆளில்லாத மூலையில் என்ன நேரும் என்பதற்கு ஸ்காட்லாந்து ஒரு சாட்சி. அந்நாட்டின் ஸ்காட்ஸ் மொழிக்கென ஒரு விக்கிப்பீடியா உண்டு. அம்மொழி அறியாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன் அதில் 20,000க்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதிக் குவித்துவிட்டான் என்பது 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆங்கில வாக்கியத்தை எடுத்து, சொல்லைச் சொல்லால் மாற்றி, எழுத்துக்கூட்டலைத் திரித்து எழுதிய நடை அது. கெட்ட எண்ணம் ஏதும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உதவி செய்வதாகவே நினைத்திருந்தான். மொழி தெரிந்தவர் எவரும் ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்காட்ஸ் மொழி என்றாலே கெட்ட ஆங்கிலம்தான் போலும் என்று உலகத்தார் நினைக்க அது இடம்கொடுத்தது என அம்மொழியினர் வருந்தினர்.

தமிழுக்கும் அதுபோன்றதொரு சோதனை முன்னமே வந்தது. 2009ஆம் ஆண்டையொட்டி, கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் அமர்த்தி, பொறியின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. ஆனால் நடை தமிழாயில்லை. தலைப்புகளும் தமிழர் கேட்டவை அல்ல. தமிழ் விக்கிப்பீடியர் வாளாவிருக்கவில்லை. கட்டுரைகளை எடுத்து வைத்துப் பிழைகளைப் பட்டியலிட்டனர், நிறுவனத்தாருடன் பேசினர், 2010ஆம் ஆண்டு போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் கூடிய உலக விக்கிப்பீடியர் மாநாட்டிலும் இக்குறைகளை எடுத்துரைத்தனர். பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் அங்கத்தினர் நாலைந்து பேர் உள்ள சங்கத்தை எளிதில் கவிழ்க்க முடியாது என்பது நமது அநுபவம். அங்கும் அவ்வாறே ஆயிற்று.

மொழிக்கு இதனால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தாரும் மதுரைக்காரரும் கோலாலம்பூர்த் தமிழரும் ஒரே பக்கத்தில் எழுத நேர்ந்தபோது, ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் என்பது தெரியவந்தது. நாம் இயற்பியல் என்பதை இலங்கையில் பௌதிகவியல் என்பர், நமது வேதியியல் அங்கே இரசாயனவியல், மிதிவண்டி துவிச்சக்கரவண்டி. ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளை எவ்வளவு ஆளலாம் என்ற வழக்கு ஆலமரத்தடியில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை. இத்தகைய வழக்குகள் முன்பு புலவர் அவைகளில் நடந்தன. இன்று பொறியாளரும் ஆசிரியரும் மாணவரும் வாதிகளாக நிற்கின்றனர். 2010ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு விக்கிப்பீடியாவுக்கெனக் கல்லூரி மாணவரிடையே கட்டுரைப் போட்டி நடத்தியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பின்னர் 2,000க்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை, இதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலம் என்னும் நூலகத்திற்கு அளித்தது. கிராமத்து நூலகத்தில் இல்லாத நூலை இன்று கைப்பேசியில் படிக்கலாம்.

இனி நமது விஷயத்துக்கு வருவோம். இக்களஞ்சியத்தை நமது அங்கத்தினர் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது? சிறுமலை அடிவாரத்து விவசாயி ஒருவர், வாழையில் வரும் முடிக்கொத்து நோயைப் பற்றிப் பார்த்தேன் என்று நம்மிடம் சொன்னார். நச்சுயிரியால் வருவது, அசுவினிப் பூச்சி பரப்புவது, வந்த மரத்திற்கு மருந்தில்லை, வேரோடு அகற்றுவதே வழி என்பனவெல்லாம் நன்கு நிலைபெற்ற செய்திகள். இவற்றை அறிந்துகொள்வதற்கு அது நல்ல வாயில். அதே கைப்பேசியில் பூச்சிமருந்தின் அளவைத் தேடி, பார்த்த எண்ணை அப்படியே தெளிப்பானில் ஊற்றக் கூடாது. மேலே சொன்னபடி ஓர் இலக்கம் மாறியிருந்தால் நட்டம் அவருடையது. அளவு, வட்டி விகிதம், மானியத் தொகை, விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றுக்கு வேளாண்மை விரிவாக்க மையம், சங்க அலுவலகம், அரசாணை இவையே ஆதாரம். சட்ட விஷயமும் அப்படியே. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் பிரிவைக் களஞ்சியத்தில் பார்த்துவிட்டு நம்மிடம் வாதிட வரும் நண்பர்கள், திருத்தங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பிழை கண்டால் திருத்துவது கடினமன்று. ‘தொகு’ என்பதைத் தட்டி, தவறான சொல்லை மாற்றி, என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிச் சேமித்தால் போதும். பழகிப் பார்க்க விரும்புவோர்க்கு ‘மணல்தொட்டி’ என்றொரு பக்கம் உண்டு. பள்ளியில் மணலில் எழுதி அழித்ததைப் போல அங்கே எழுதி அழிக்கலாம். ஆனால் ஒன்று. காரியதரிசி தமது சங்கத்தைப் பற்றித் தாமே புகழ்ந்து எழுதினால் அது நில்லாது. ‘நடுநிலை நோக்கு’ என்னும் விதி அங்கே உண்டு. தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்வதை நாம் ஒப்புவோமா?

இங்கேதான் உண்மையான இடர் வருகிறது. பிரசுரத்தைக் கண்டு கேள்வி கேட்ட பெரியவரிடம் இவற்றையெல்லாம் விளக்கி, நீங்களே சொல்லுங்கள், திருத்திவிடலாம் என்றோம். அவர் ஒரு மணி நேரம் சொன்னார். முடிச்சிடும் விரலின் போக்கு, எந்தச் சாயம் முதலில், எது பின்னர், எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. அத்தனைக்கும் அச்சான சான்று யாதும் இல்லை. ஐம்பது ஆண்டு கைப்பழக்கமே அவருக்குச் சான்று. ‘சொந்த ஆய்வு கூடாது’ என்பது களஞ்சியத்தின் விதி. நேரில் அறிந்தவர் சொல்வதை அது ஏற்காது. நேரில் அறியாதவர் நாளிதழில் எழுதியதை ஏற்கும். நமக்கு இது முதலில் அநியாயமாகவே பட்டது. சற்று ஆறிச் சிந்தித்தபோது, நாமும் அதையேதான் செய்கிறோம் என்று தோன்றியது. கடனைத் திருப்பிக் கட்டிவிட்டேன் என்று ஓர் அங்கத்தினர் சத்தியம் செய்தாலும், ரசீது இல்லாவிட்டால் நம்மால் வரவு வைக்க முடிவதில்லையே. விதி குற்றமுடையதன்று, நம்மவர் அறிவுக்கு ரசீது போடுவார் இல்லை என்பதே குற்றம்.

ரசீது அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019ஆம் ஆண்டில் கிடைத்தது. விருப்பாட்சி, சிறுமலை மலைவாழைகளுக்கும் உண்டு. இக்குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது, எந்த எல்லைக்குள் விளைகிறது என்பதை விரிவாக எழுதித் தரவேண்டும். அது சென்னையிலுள்ள பதிவகத்தின் இதழில் வெளியாகும். அதைவிடச் சிறந்த பற்றுச்சீட்டு வேண்டுமா? 1906ஆம் ஆண்டில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி இருக்கிறது. அந்நாளில் திண்டுக்கல் அதில் ஒரு வட்டம். சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் வெள்ளி விழா, பொன் விழா மலர்களும் அலமாரிகளில் இருக்கின்றன. ஒரு சங்கத்தில் பொன் விழா மலர்களைத் தறிமேடைக்கு அடியில் ஆட்டம் நிற்பதற்காக முட்டுக் கொடுத்திருக்கக் கண்டோம். எடுத்துப் பார்த்தால், அந்த ஊரில் முதன்முதலாகத் தறியிட்டவர் பெயரும் ஆண்டும் அதில் அச்சாகியிருந்தன.

எழுதுவதில் அவசரமும் தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. களஞ்சியத்தில் பிழையாக உள்ள ஒரு வரியை நாளிதழ் நிருபர் எடுத்து எழுதுகிறார். அந்த நாளிதழையே சான்றாகக் காட்டி அந்த வரி களஞ்சியத்தில் உறுதிப்படுகிறது. ஒரே தொகையை இரு சங்கங்கள் ஒன்றன் பெயரில் மற்றொன்று வைப்புக் காட்டுவதற்கு ஒப்பான சுழற்சி இது. இப்போது, கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தரும் கணினிப் பொறிகள் வந்துவிட்டன. அவை பயில்வதற்குக் கொடுக்கப்பட்டவற்றுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. இன்று ஒரு மூலையில் கிடக்கும் தவறான வரியை நாளை அப்பொறி அங்கத்தினரின் மகனுக்குத் தெளிவான தமிழில் எடுத்துச் சொல்லும். அப்போது வரலாற்றுப் பக்கமும் இராது, அடிக்குறிப்பும் இராமற் போகலாம்.

அந்தச் சங்கத்தார் ஒரு காரியம் தொடங்கியிருக்கின்றனர். முதலில், எஞ்சியிருந்த பிரசுரங்களைக் கண்காட்சிக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம் எழுதினர். அடுத்து, பெரியவர் சொன்னவற்றை இரண்டு இளைஞர் எழுதியெடுத்து, மற்ற மூத்த நெசவாளர்களுக்குப் படித்துக் காட்டி, ஒப்பாத இடங்களைக் குறித்துக்கொண்டு, சங்கத்தின் ஆண்டறிக்கையோடு அச்சிட ஏற்பாடு செய்துள்ளனர். அச்சானபின் அதற்கு எத்துணை மதிப்புத் தருவது என்பதைக் களஞ்சியத்தார் உரையாடற் பக்கத்தில் முடிவு செய்துகொள்ளட்டும். தறியின் உறுப்புகளுக்கு ஒரு சொற்பட்டியலும் தயாராகிறது. பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு எனத் தொடங்கி நாம் சென்ற வாரம் பார்த்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரே உறுப்புக்கு மேற்குத் தெருவில் ஒரு பெயர், கிழக்குத் தெருவில் வேறொரு பெயர். எதை எழுதுவது என்று வாக்குவாதம் மூண்டு, இரண்டையும் எழுதி எதிரே தெருவின் பெயரையும் எழுதுவது என்று முடிவாயிற்று. படங்கள் எடுப்பது மட்டும் பாக்கி. தறியில் பாவு ஏற்றிய நாளில் எடுத்தால்தான் விழுது தெளிவாகத் தெரியும் என்பதால், அடுத்த பாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.